சர்க்கரை நொதிகளுக்குத் தேர்ந்த தடுப்பான் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல், வேதியியல், பயோடெக் படிப்பவர்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அதிகம் எடுக்கும் தலைப்புகளில் ஒன்று 'ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் தடுப்பு'. ஒரு மூலிகைச் சாறு, ஈஸ்ட் நொதி, ஒரு டாக்கிங் படம் (மூலக்கூறு புரதக் குழியில் எப்படிப் பொருந்தும் என்று கணினி காட்டுவது) என்று பெரும்பாலான ஆய்வேடுகள் முடிந்துவிடுகின்றன. அதே செலவில், அதே ஆறு மாதத்தில் இன்னும் உறுதியாகச் செய்யலாம். அதற்கான பதில்கள் இவை.

எந்த நொதிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

மரச்சீனிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டால் அதிலுள்ள மாவுச்சத்தை முதலில் வெட்டுவது ஆல்ஃபா அமைலேஸ். வாயில் உமிழ்நீர் அமைலேஸ், சிறுகுடலில் கணைய அமைலேஸ். இவை குளுக்கோஸ் வரைக்கும் போவதில்லை. மால்டோஸ், மால்டோட்ரையோஸ், கிளைத்த சிறு துண்டுகளோடு நின்றுவிடும். மீதி வேலை சிறுகுடல் சுவரில் பதிந்திருக்கும் இரண்டு புரதங்களுடையது: மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ். ஒவ்வொன்றுக்கும் என்-முனை, சி-முனை என்று இரண்டு செயல்படும் பகுதிகள் உண்டு. ஆக, குடல் சுவரில் நான்கு கிளர்வு மையங்கள், அதாவது வினை நடக்கும் குழிகள். கருப்பட்டியின் சுக்ரோஸை உடைப்பது சுக்ரேஸ் பகுதி.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது லைசோசோமில் கிளைக்கோஜனை உடைக்கும் அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். இதைத் தொடவே கூடாது. இது பிறவியிலேயே குறைவாக இருந்தால் வருவது பாம்ப்பே (Pompe) நோய்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தடுத்தால் சர்க்கரை இன்னும் குறையுமே, தேர்ந்து தடுப்பது எதற்கு?

சர்க்கரை நோய் மாத்திரையான அகார்போஸ் அமைலேஸையும் தடுக்கிறது, குடல் குளுக்கோசிடேஸ்களையும் தடுக்கிறது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் நொதிக்கிறது. வயிறு உப்புசம், வாயு, வயிற்றுப்போக்கு. மருந்தை நோயாளிகள் பாதியில் நிறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். நான்கு மையங்களில் ஒன்றிரண்டை மட்டும் மட்டுப்படுத்தினால் குளுக்கோஸ் மெதுவாக வெளிவரும், மொத்தமாகத் தேங்காது என்பதுதான் எதிர்பார்ப்பு.

இப்படி ஒன்றை மட்டும் தேர்ந்து தடுக்கும் தெரிவுத்திறன் ஆய்வுக்கூடத்தில் தினசரி பயன்படும் இடமும் ஒன்று உண்டு. பாம்ப்பே நோய்க்கு உலர்ந்த ரத்தத்துளியில் அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸை அளக்கும்போது வெள்ளணுக்களில் இருக்கும் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் குறுக்கே வரும். அதை மட்டும் அடக்க அகார்போஸைச் சேர்க்கிறார்கள். அளக்க வேண்டிய நொதி போதிய அளவு தப்பிவிடுகிறது.

ஈஸ்ட் ஆல்ஃபா குளுக்கோசிடேஸில் நல்ல ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் அளவு) கிடைத்திருக்கிறது. போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும் நொதிகளை அமினோ அமில வரிசை ஒற்றுமையை வைத்துக் குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கேஸி என்ற தரவுத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. ஈஸ்டின் மால்டேஸ் ஜிஹெச்13 (கிளைக்கோசைடு ஹைட்ரோலேஸ் 13) குடும்பம். மனிதக் குடலின் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ், லைசோசோம் நொதி மூன்றும் ஜிஹெச்31. பெயர் ஒன்று, குடும்பம் வேறு. வினைபுரியும் அமினோ அமிலங்களும் வேறு: ஜிஹெச்13-இல் ஆஸ்பார்டேட் தாக்க, குளூட்டமேட் அமிலமாக நிற்கும்; ஜிஹெச்31-இல் இரண்டு வேலையையும் ஆஸ்பார்டேட்டே பார்க்கிறது. மனித மால்டேஸின் என்-முனையில் அவை ஆஸ்ப்443, ஆஸ்ப்542.

விளைவை உங்கள் தட்டிலேயே பார்க்கலாம். ஈஸ்ட் நொதியை அகார்போஸ் மிக மோசமாகத்தான் தடுக்கும். பல நூறு மைக்ரோமோலார் தேவைப்படும். எலிக்குடல் நொதியில் அதே அகார்போஸ் பல மடங்கு குறைந்த அளவில் வேலை செய்யும். ஆகவே 'எங்கள் சாறு அகார்போஸைவிட இருபது மடங்கு சிறந்தது' என்ற வரி ஈஸ்ட் நொதியை வைத்து எழுதப்பட்டிருந்தால் அதற்கு மருத்துவப் பொருள் எதுவும் கிடையாது. ஒப்பீட்டுக்கு வைத்த மருந்தே அந்த நொதிக்கான மருந்து இல்லை. ஈஸ்ட் நொதியை முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

டாக்கிங்குக்கு எந்தக் கட்டமைப்பை இறக்குவது?

பலரும் புரதத் தரவு வங்கியிலிருந்து எடுப்பது 3ஏ4ஏ என்ற எண்ணுள்ள கோப்பு. அது ஈஸ்டின் ஐசோமால்டேஸ், ஜிஹெச்13. ஈஸ்ட் நொதியில் வந்த முடிவை விளக்க அது சரி. மனிதக் குடலைப் பற்றிப் பேசச் சரியில்லை.

மனித நொதிகளுக்குப் புரதத் தரவு வங்கியில் இவை இருக்கின்றன: மால்டேஸ் என்-முனை, தனியாக 2க்யூஎல்ஒய், அகார்போஸோடு 2க்யூஎம்ஜே; சி-முனை அகார்போஸோடு 3டிஓபி; சுக்ரேஸ்-ஐசோமால்டேஸின் என்-முனை, கோட்டலனால் என்ற தடுப்பானோடு 3எல்பிபி; கணைய அமைலேஸ் 1ஹெச்என்ஒய்; லைசோசோம் நொதி அகார்போஸோடு 5என்என்8. ஐந்து நொதிக்கும் ஒரே மூலக்கூறை டாக் செய்தால்தான் தெரிவுத்திறன் என்ற சொல்லையே பேச ஆரம்பிக்க முடியும்.

இறக்கியதும் நேராக டாக்கிங் மென்பொருளில் போடாதீர்கள். முதலில் சரிபார்ப்பு அறிக்கையைத் திறந்து மூலக்கூறு உட்கார்ந்திருக்கும் இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை வளையங்கள் தவறான வடிவத்தில் பொருத்தப்பட்டிருப்பது தரவு வங்கியில் சகஜம். பிரைவட்டீர் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. கிளிசரால், டிரிஸ் ஆகிய இரண்டும் கிளர்வு மையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். படிகத்தை உறைய வைக்கவும் பஃபராகவும் சேர்ப்பவை இவை. சர்க்கரையைப் போலவே ஹைட்ராக்சில்கள் நிறைந்திருப்பதால் அந்தக் குழிக்குள் எளிதாகப் புகுந்துவிடும்.

இன்னொரு பொறி: கணைய அமைலேஸ் படிகத்தை அகார்போஸில் ஊறவைத்தபோது, போட்ட அகார்போஸும் படிகத்தில் தெரிந்த மூலக்கூறும் ஒன்றாக இல்லை. நொதியே அதை வெட்டி, ஒட்டி, வேறு நீளத்துக்கு மாற்றியிருந்தது. அந்தக் கோப்பிலுள்ள மூலக்கூறை 'அகார்போஸ்' என்று எடுத்து மறுடாக்கிங் செய்தால் அணு எண்ணிக்கையே பொருந்தாது.

கட்டமைப்பைப் பார்த்து தெரிவுத்திறனை உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? உதாரணம் உண்டா?

உண்டு. குடலுக்குள்ளேயே முதல் உதாரணம். கிளர்வு மையத்தில் சர்க்கரை வளையம் உட்காரும் இடங்களுக்கு எண் உண்டு. பிணைப்பு உடைவது −1, +1 என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில். மால்டேஸின் என்-முனையில் இந்த இரண்டு மட்டுமே உருப்படியாக இருக்கின்றன. சி-முனையில் 21 அமினோ அமிலங்கள் கூடுதலாக வந்து +2, +3 இடங்களையும் உருவாக்குகின்றன. அகார்போஸ் நான்கு வளைய மூலக்கூறு. என்-முனையில் அதன் பின்பாதிக்குப் பிடிமானமே இல்லை. கேஐ (தடுப்பு மாறிலி; குறையக் குறையப் பிடி உறுதி) 62 மைக்ரோமோலார். சி-முனையில் அது மிகக் குறைந்த அளவிலேயே ஒட்டும். ஆகவே நீளமான மூலக்கூறு சி-முனைக்கு, குட்டையானது என்-முனைக்கு என்று ஒரு திசை கிடைக்கிறது.

குட்டையானதற்குச் சான்று நம் மலைச் செடியிலிருந்தே வருகிறது. பொன்கொரண்டி, சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் என்று வழங்கும் சலேசியா இனத்திலிருந்து 1997-இல் ஜப்பானியர் பிரித்த சலசினாலுக்கு அதே என்-முனையில் கேஐ 0.19 மைக்ரோமோலார். கோட்டலனாலுக்கும் 0.19. கோட்டலனாலின் சல்ஃபேட் தொகுதியை எடுத்துவிட்டால் 0.03. படிகக் கட்டமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும்: நேர்மின்னேற்றமுள்ள சல்ஃபோனியம் மையம் −1 இடத்தில் ஆஸ்பார்டேட்டுகளுக்கு நடுவே நிற்கிறது, சல்ஃபேட்டுக்கோ அங்கே ஏற்ற துணை இல்லை.

கணைய அமைலேஸை மட்டும் பிடிப்பதற்கு உதாரணம் மான்ட்பிரெட்டின் ஏ. வான்கூவரில் ஸ்டீபன் விதர்ஸ் குழு 30,000 இயற்கைச் சாறுகளைச் சலித்து எடுத்தது. கேஐ 8 நானோமோலார். 2015-இல் வெளியான கட்டமைப்பில் அதன் மைரிசெட்டின் வளையமும் காஃபிக் அமில வளையமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வினைபுரியும் அமிலங்களோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடுகின்றன. சர்க்கரையைப் போல நடிக்காத தடுப்பான் இது.

குடலுக்கு வெளியே ஓ-கிளக்நேகேஸ், செல்லுக்குள் புரதங்களில் ஒட்டிய ஒரு சர்க்கரையை (O-GlcNAc) நீக்கும் நொதி. அதன் பழைய தடுப்பான் பக்நேக், ஹெக்சோஸமினிடேஸ் என்ற வேறொரு நொதியையும் சேர்த்து அடக்கிவிடும். 2005-இல் தடுப்பானின் அசைல் சங்கிலியை நீட்டிப் பார்த்தார்கள். ஓ-கிளக்நேகேஸ் ஏற்றுக்கொண்டது, மற்றது மறுத்தது. 2006-இல் அதன் பாக்டீரிய உறவு நொதிகளின் கட்டமைப்புகள் வந்தபோது, அந்தச் சங்கிலிக்கு அடியில் கூடுதல் குழி இருப்பது தெரிந்தது. 2008-இல் வந்த தடுப்பான் தியாமெட்-ஜி: கேஐ 21 நானோமோலார், தெரிவுத்திறன் 37,000 மடங்கு.

ஆட்டோடாக் வைனா என்ற டாக்கிங் மென்பொருளில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

அமைலேஸில் கால்சியத்தையும் குளோரைடையும் நீக்காதீர்கள்; 'ஹெட்டிரோ அணுக்களை நீக்கு' என்று ஒரே சொடுக்கில் செய்யும்போது இரண்டும் போய்விடும். நீர் மூலக்கூறுகளில், பல கட்டமைப்புகளில் ஒரே இடத்தில் வருபவற்றை வைத்து ஒரு முறையும் எடுத்து ஒரு முறையும் ஓட்டுங்கள். அமிலமாக நிற்கும் ஆஸ்ப்542-க்கு ஹைட்ரஜனை நீங்களே சேர்க்க வேண்டும், மென்பொருள் தானாகச் சேர்க்காது. மென்பொருள் தேட வேண்டிய பெட்டி ஒவ்வொரு பக்கமும் 22 முதல் 25 ஆங்ஸ்ட்ராம் போதும். புரதம் முழுவதையும் மூடுகிற பெட்டி வைத்தால் மூலக்கூறு எங்காவது மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு நல்ல மதிப்பெண் காட்டும்.

வைனா வளையத்தின் வடிவத்தை மாற்றிப் பார்ப்பதில்லை. நாற்காலி வடிவத்தில் கொடுத்தால் கடைசிவரை நாற்காலிதான். அகார்போஸின் முதல் வளையம் அரைநாற்காலி. அதைப் படிகத்திலிருந்து எடுத்த வடிவத்திலேயே கொடுங்கள். முதலில் படிகத்து மூலக்கூறை எடுத்து மறுபடி டாக் செய்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்பி வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் மற்ற மூலக்கூறுகளை ஓட்டுவதில் பயனில்லை.

மூலக்கூறு இயங்கியல் செய்வதானால் சர்க்கரைக்கு கிளைகேம்06 போன்ற விசைப்புலம் எடுங்கள், ஒவ்வொரு அமைப்பையும் குறைந்தது மூன்று தனி ஓட்டமாக ஓட்டுங்கள்.

மதிப்பெண் −10.2, அகார்போஸுக்கு −8. என் மூலக்கூறு சிறந்ததா?

சொல்ல முடியாது. வைனா மதிப்பெண் பெரிய, தட்டையான, வளையம் நிறைந்த மூலக்கூறுகளுக்குச் சாதகமானது. ஃபிளேவனாய்டுகள் எந்தப் புரதத்திலும் நல்ல எண் வாங்கும். ஒரே மூலக்கூறுக்கு ஐந்து நொதியிலும் எந்தப் பிடிமானங்கள் மாறுகின்றன என்று எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

பிஎன்பிஜி (உடைந்தால் மஞ்சள் நைட்ரோஃபீனால் தரும் சப்ஸ்ட்ரேட், அதாவது நொதி வெட்டும் பொருள்) சோதனைக்கு அளவுகள் என்ன?

96 குழித் தட்டில் ஒரு குழிக்கு: 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஹெச் 6.8, 100 மைக்ரோலிட்டர், நொதி 20, தடுப்பான் 10. 37 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டி வைக்கவும். பிறகு 7.5 மில்லிமோலார் பிஎன்பிஜி 20 மைக்ரோலிட்டர். மொத்தம் 150, சப்ஸ்ட்ரேட் 1 மில்லிமோலார். 20 நிமிடம் கழித்து 0.2 மோலார் சோடியம் கார்பனேட் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து நிறுத்தி 405 நானோமீட்டரில் ஓடி (OD, ஒளி உறிஞ்சல்) எடுங்கள். தடுப்பானைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 1 சதவீதத்துக்குள்.

நொதியின் அளவைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் இப்படித் தீர்மானியுங்கள். குழியில் சப்ஸ்ட்ரேட் 150 நானோமோல். அதில் 10 சதவீதம் மட்டும் உடைந்தால் 15 நானோமோல், 200 மைக்ரோலிட்டரில் 75 மைக்ரோமோலார். காரப் பிஹெச்சில் நைட்ரோஃபீனாலின் மோலார் உறிஞ்சல் சுமார் 18,000. குழியில் ஒளி கடக்கும் தூரம் ஏறக்குறைய 0.55 செ.மீ. பெருக்கினால் ஓடி 0.74. தடுப்பான் இல்லாத குழியில் 20 நிமிடத்தில் 0.7-க்கு மேல் போனால் நொதி அதிகம். நேர்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், வருகிற ஐசி50 எதுவும் நம்பத்தக்கதல்ல. நிறைய ஆய்வேடுகளில் இந்தக் குழி 2-க்கு மேல் காட்டுகிறது.

டிரிஸ் பஃபர் வேண்டாம். அது தானே குளுக்கோசிடேஸைத் தடுக்கும்.

எலிக்குடல் பொடியை எப்படிப் பயன்படுத்துவது?

அசிட்டோன் பொடி 100 மில்லிகிராமை 3 மில்லி 0.9 சதவீத உப்புநீரில், பனிக்கட்டிமேல் வைத்து, 30 நொடி விட்டு விட்டு சோனிகேட் செய்து, 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 30 நிமிடம் சுற்றி மேல்நீரை எடுங்கள். சப்ஸ்ட்ரேட்டை மாற்றினால் மையங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்: சுக்ரோஸ் கொடுத்தால் சுக்ரேஸ், ஐசோமால்டோஸ் கொடுத்தால் பெரும்பாலும் ஐசோமால்டேஸ், மால்டோஸ் கொடுத்தால் நான்கும்.

வெளிவந்த குளுக்கோஸை ஜிஓடி-பிஓடி (குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ்) கிட்டில் அளப்பார்கள்; குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அதனால் நிறம் வரும். மூலிகைச் சாறோடு செய்யும்போது இங்கேதான் ஏமாறுவது. சாற்றிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட் ஹைட்ரஜன் பெராக்சைடை விழுங்கிவிடும், நிறம் வராது, நொதி தடுக்கப்பட்டதாகத் தோன்றும். தெரிந்த அளவு குளுக்கோஸில் சாற்றைச் சேர்த்து, நொதியே இல்லாமல், கிட்டின் ரீடிங் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் சாற்றைச் சுத்திகரிக்காமல் மேலே போகக் கூடாது.

அமைலேஸுக்கு: 20 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 6.9, 6.7 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. உப்பை விட்டுவிட்டால் நொதி மந்தமாகும், அதற்குக் குளோரைடு கட்டாயம் வேண்டும். இடிடிஏ கலந்த எதையும் சேர்க்காதீர்கள், கால்சியத்தை இழுத்துவிடும்.

நாங்கள் பார்த்த எல்லாச் சாறும் தடுக்கிறது. ஏன்?

டானின் எல்லாப் புரதத்தையும் பிடித்துப் படிய வைக்கும். நாவல் கொட்டை, ஆவாரம்பூ, மாதுளைத் தோல் எல்லாம் இந்த வகை. தூய சேர்மங்களிலும் க்வெர்செட்டின், குர்க்குமின் போன்றவை தண்ணீரில் திரண்டு கூழ்மத் துகளாகி நொதியை அதன்மேல் ஒட்டவைக்கும். கண்டுபிடிக்க 0.01 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து மறுபடி செய்யுங்கள். தடுப்பு கரைந்து போனால் அது திரட்சி. கூடவே, சம்பந்தமே இல்லாத ஒரு நொதியையும், எடுத்துக்காட்டாக பாதாம் பீட்டா குளுக்கோசிடேஸை, வைத்துப் பாருங்கள். அதையும் அதே அளவில் தடுத்தால் உங்களிடம் இருப்பது தேர்ந்த தடுப்பான் இல்லை.

தெரிவுத்திறனை எப்படி எழுதுவது?

கேஐ விகிதமாக. ஐசி50 சப்ஸ்ட்ரேட் அளவோடு மாறும். போட்டித் தடுப்பானுக்கு, ஐசி50-ஐ (1 + சப்ஸ்ட்ரேட் ÷ கேஎம்) என்பதால் வகுத்தால் கேஐ. கேஎம் என்பது நொதி பாதி உச்ச வேகத்தில் ஓடும் சப்ஸ்ட்ரேட் அளவு. சப்ஸ்ட்ரேட் 1, கேஎம் 0.25 மில்லிமோலார் என்றால் ஐந்தால் வகுக்க வேண்டும். இரண்டு நொதிக்கும் ஐசி50-ஐ வைத்தே விகிதம் போட்டால் ஐந்து மடங்கு பொய் தானாகவே நுழையலாம்.

இங்கிருந்தே படிகம் வளர்க்க முடியுமா?

பழகலாம். முட்டை வெள்ளைக்கரு லைசோசைமும் சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும் நொதிதான். 1965-இல் முதன்முதலாகக் கட்டமைப்பு கண்ட நொதியும் அதுவே. 50 மி.கி./மில்லி புரதம், 0.1 மோலார் சோடியம் அசிட்டேட் பிஹெச் 4.6, கிணற்றில் 5 முதல் 8 சதவீத உப்பு 500 மைக்ரோலிட்டர், கண்ணாடித் துண்டில் 2+2 மைக்ரோலிட்டர் துளி, விளிம்பில் கிரீஸ் வைத்துக் கவிழ்த்தால் ஓரிரு நாளில் படிகம். அறை 20 டிகிரியில் நிலையாக இருக்க வேண்டும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்றால் படிகம் கரைந்து கரைந்து மறுபடி வரும்.

மனித மால்டேஸுக்கு இந்த வசதி போதாது. அது சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதம், ஈ.கோலையில் சரியாக மடியாது. என்-முனையைப் பூச்சிச் செல்லில்தான் உருவாக்கினார்கள். நல்ல படிகம் கிடைத்தால் தரவு எடுக்க இந்தூர் இண்டஸ்-2-இல் பிஎக்ஸ்-பிஎல்21 ஒளிக்கற்றை இருக்கிறது, விண்ணப்பித்து நேரம் வாங்கலாம். வழிகாட்டலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல் துறை. அருகில் திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனங்கள்.

பொன்கொரண்டியில் வேலை செய்ய விரும்புகிறோம். என்ன கவனம் வேண்டும்?

வேரைத்தான் எடுக்க வேண்டும். வேரை எடுத்தால் கொடி போகும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது. இனங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு மண்டல மையத்தில் மாதிரி கொடுத்து அடையாளம் உறுதி செய்யுங்கள்.

சலசினால் தண்ணீரில் கரைவது. ஹெக்சேன், குளோரோஃபார்ம் என்று ஆரம்பித்துத் தண்ணீர்ப் பகுதியைக் கொட்டிவிட்டால் மருந்தைக் கொட்டிவிட்டீர்கள். அதில் புற ஊதாவை உறிஞ்சும் பகுதி கிடையாது, எனவே ஹெச்பிஎல்சி யுவி டிடெக்டரில் உச்சி வராது, எல்சி-எம்எஸ் வேண்டும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈரப்பதமும் ஒரு கவலை. அகார்போஸ், திறந்து வைத்த டிஎம்எஸ்ஓ இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். டிஎம்எஸ்ஓவைச் சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள், அகார்போஸை டெசிகேட்டரிலிருந்து எடுத்த உடனே எடை போடுங்கள்.

வீட்டில் அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் எடுப்பவருக்கு சர்க்கரை இறங்கினால் கருப்பட்டி கொடுக்கலாமா?

ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்விதான், ஆனால் நொதியோடு நேராகத் தொடர்புடையது. இந்த மாத்திரைகள் மட்டும் எடுத்தால் சர்க்கரை அதிகம் இறங்குவதில்லை. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ சேர்ந்தால் இறங்கலாம். கருப்பட்டியிலும் சீனியிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். அதை உடைக்கும் சுக்ரேஸ் அப்போது தடுக்கப்பட்டிருக்கும், எனவே சர்க்கரை ஏறத் தாமதமாகும். குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கியவருக்கு வாய்வழி எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.